பெட்டிக் குளிர்

என் வீட்டுக்காரர் கமலக்கண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் கடைக்குக் கொண்டுபோக மாட்டார். செல்போனில் வீடியோ பார்ப்பார், லுங்கியை மடித்துக் கட்டுவார், ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவார். மிக்ஸி அப்படித்தான் போனது. தண்ணீர் மோட்டாரில் கைவைத்த அன்று தெருவுக்கே சேர்த்துக் கரண்ட் போனது. நான் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவள். டாக்டர் சீட்டு இல்லாமல் வந்து, 'எனக்கு இந்த மாத்திரைதான் கேட்கும்' என்று பிடிவாதம் பிடிக்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த ரகம்தான் இவர்.

மிக்ஸி கதையைச் சொல்லி நான் இப்போதும் சிரிப்பேன். கார் ஏசி கதையைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை. இதை எழுதும்போதுகூட வீட்டுக் கண்ணாடி ஜன்னல்களை எல்லாம் அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அது கத்திரி வெயில் நேரம். எங்கள் சின்ன வெள்ளைக் காரில் ஏசி போட்டால் வெறும் காற்றுதான் வந்தது, அதுவும் சூடாக. கண்ணாடியை இறக்கினால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நத்தத்தில் என் தங்கை முனீஸ்வரி மகனுக்குக் காதுகுத்து. எங்கள் மகள் தமிழ்மதி அடுத்த மாதம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவள். வெக்கையில் கார் ஏறினால், திண்டுக்கல்லிலிருந்து போகிற வழியில் சாணார்பட்டி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். பழனி ரோட்டு மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

"கொஞ்சம் கேஸு, ஒரு குழாய். அம்புட்டுத்தான் வேல. இதுக்குப் போயி ஒரு வாரமா?" என்றார் இவர். அப்போதே எனக்குப் பயம்தான். ஆனால் அப்போது பயந்தது காருக்காக மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில் வாசலில் காரை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். முட்டு உயரத்துக்கு ஒரு நீல சிலிண்டர் வந்திருந்தது. கழுத்தில் துருப் பிடித்திருந்தது. வயிற்றில் சாக்பீஸால் எதையோ எழுதி அழித்த தடம்.

"இது எங்க வாங்குனது?"

"தெரிஞ்சவருகிட்ட."

"எந்தத் தெரிஞ்சவரு?"

"தெரிஞ்சவருன்னா தெரிஞ்சவரு. செத்த நேரம் சும்மா இரு மாலதி, மீட்டர் முள்ளப் பாக்கணும்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். பொய் சொல்ல வேண்டி வந்தால் குனிந்துகொள்வார். அன்றைக்குப் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்துக் குனிந்துகொண்டார்.

இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுசாகத் திருகி வைத்தார். உள்ளே இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. தடித்த குழாயில்தான் கேஸ் ஏற்ற வேண்டுமாம். மெல்லிய குழாயில் மாட்டினால் சிலிண்டரே வெடிக்குமாம். அதைச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை. மூடியைக் கழற்றிக் குழாயைச் செருகி, மீட்டரைப் பார்த்தபடி சிலிண்டரைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இன்ஜினுக்குள் 'டக்' என்று ஏதோ பிடித்துக்கொண்டது. தடித்த குழாய் வியர்க்க ஆரம்பித்தது.

"அம்மா, ஐஸ்!" என்று மதி சிலிண்டரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

மூவரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படி ஒரு குளிர். வாங்கிய புதிதில்கூட அந்தக் காரில் அப்படிக் குளிர்ந்ததில்லை.

"எப்புடி? சிறுமலை உச்சில உக்காந்த மாதிரி இல்ல?" என்றார் இவர்.

சிறுமலைக் குளிர் எனக்குத் தெரியும். அதில் காற்று இருக்கும், இலை வாசம் இருக்கும். இது அசையாமல் நின்ற குளிர். கூடவே ஒரு வாசனையும் வந்தது. ரோஜா இதழ் தண்ணீரில் ஊறிக் கெட்டுப்போகத் தொடங்கும் வாசனை, அதற்கு அடியில் ஊதுபத்தி.

"ஏங்க, சென்ட் எதுவும் அடிச்சீங்களா?"

"புது கேஸு அப்படித்தான் இருக்கும்," என்று குனிந்துகொண்டார்.

இறங்கும்போது மதி காரைப் பார்த்து, "டாட்டா, போயிட்டு வாரேன்," என்றாள். அது அவள் பழக்கம். 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுத்ததை அவள் அளவு கடந்து பிடித்துக்கொண்டாள். பள்ளி வேனுக்குச் சொல்வாள், எதிர்வீட்டு ஆட்டுக்குச் சொல்வாள், ஏடிஎம் மிஷினுக்கும் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பினோம். முன்சீட்டில் நாங்கள் இருவரும், பின்சீட்டில் மதி மட்டும். சாணார்பட்டி தாண்டியது. வாந்தி இல்லை. இவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அதற்கப்புறம் கண்ணாடிகள் பனிக்க ஆரம்பித்தன. உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம்.

"மழைக்காலத்துலதான இப்படி வரும்? இந்தக் காச்சுற வெயில்ல ஏங்க?"

"உள்ள குளுரு, வெளிய சூடு. சயின்ஸ் மாலதி, சயின்ஸ்." வைப்பரைப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே போனார்.

பிள்ளை என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். மதி எப்போதும் கால்களை வயிற்றுக்குள் சுருட்டி, தலையை எங்கேயோ திருகிக்கொண்டு தூங்குகிறவள். பக்கத்தில் படுத்தால் யார் மூஞ்சியிலாவது ஒரு கால் கிடக்கும். அன்றைக்கு மல்லாந்து நேராகப் படுத்திருந்தாள். கைகள் இரண்டும் வயிற்றின் மேல். கால் கட்டைவிரல்கள் இரண்டும் கட்டி வைத்த மாதிரி சேர்ந்திருந்தன.

அவள் தலைக்கு மேலிருந்த ஜன்னலில் ஓர் உள்ளங்கை அளவுக்குப் பனி துடைக்கப்பட்டிருந்தது. சேலைத் தலைப்பால் நானும் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். உள்பக்கம் காய்ந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் மறுபடியும் பனித்து மூடியது. மூடியதும் இடமிருந்து வலமாக, மெதுவாக, அது துடைக்கப்பட்டது. கை எதுவும் இல்லை. துடைத்த ஓரத்தில் தண்ணீர் மட்டும் வழிந்தது. கார் அறுபதில் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

கோபால்பட்டிக்கு அப்பால் ஒரு மாந்தோப்பு ஓரமாக நிறுத்தினார். கதவைத் திறந்து பிள்ளையை வாரி எடுத்தேன். கன்னம் ஜில்லென்று இருந்தது. உலுக்கினேன், எழவில்லை. கன்னத்தில் தட்டினேன், எழவில்லை. இவர் பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். திடுக்கிட்டு எழவும் இல்லை, அழவும் இல்லை. ரகசியமாகக் கேட்டாள்.

"போயிட்டாங்களா?"

"யாருடி?"

"எல்லாரும். குனிஞ்சு குனிஞ்சு என்னையப் பாத்தாங்க. அழுதாங்க. ஒரு அம்மா மட்டும் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தாங்க."

"நீ ஏன் எந்திரிக்கல?"

"எந்திரிச்சா எல்லாரும் பயந்துருவாங்கல்ல? அதான் கண்ண மூடிக்கிட்டேன்."

அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆனாலும் கடையில் இருந்து பழகிய புத்தி ஒரு காரணம் தேடியது. கேஸ் காருக்குள் கசிந்தால் மயக்கம் வரும், கனவு மாதிரி ஏதாவது தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும், கடவுளே, கசிவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நத்தம் போய்ச் சேர்ந்தோம்.

முனீஸ்வரி வீட்டில் எல்லோரும் பந்தலுக்கு அடியில் இருந்தபோது, இவர் சோப்புத் தண்ணீர் கரைத்து வாங்கி ஏசிக் குழாய்களின் மூட்டுகளில் எல்லாம் தடவிப் பார்த்தார். கசிந்தால் குமிழ் வரும். ஒரு குமிழ்கூட வரவில்லை. ஒன்று வந்திருந்தால் அன்றைக்கு அதைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

"யாருகிட்ட வாங்குனீங்க? பிள்ளை மேல சத்தியமாச் சொல்லுங்க."

குனிந்தார். அப்புறம் நிமிர்ந்துவிட்டார். "பொன்னுத்துரை அண்ணங்கிட்ட."

பொன்னுத்துரையைத் திண்டுக்கல்லில் எங்கள் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. சேர், சாமியானா வாடகைக்கு விடுகிறவர். சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி அனுப்புகிறவரும் அவர்தான். அந்தப் பெட்டிக்கும் கார் ஏசிக்கும் ஒரே கேஸாம். எங்கேயோ போய்வந்த ஒரு பெட்டி பழுதாகி, அதிலிருந்த கேஸைச் சிலிண்டரில் இறக்கி வைத்திருந்தார்களாம். இவர் அதைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

"பொணம் வச்ச பெட்டில இருந்ததையா என் பிள்ளை மூஞ்சில ஊதவிட்டீங்க?"

"கேஸுக்கு என்ன தீட்டு மாலதி? அது மூடுன குழாய்க்குள்ள சுத்துறது. பொணத்து மேலயும் படாது, நம்ம மேலயும் படாது."

அவர் சொன்னது சரிதான். எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன? நான் பார்த்ததைப் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்புவோம் என்றேன். ஏசியைத் தொடவே மாட்டேன், கண்ணாடி முழுசும் இறங்கியிருக்கும், பிள்ளை உன் மடியில் இருப்பாள், என்னதான் ஆகிவிடும் என்றார். நானும் ஒரு மடைச்சி. ஏறிவிட்டேன்.

திண்டுக்கல் நெருங்கும் வரை ஒன்றும் இல்லை. வெக்கை முகத்தில் அடித்தது. அதுவே எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. அப்புறம் முழங்காலில் ஜில்லென்று ஏதோ பட்டது. ஏசி பட்டன் அணைந்துதான் இருந்தது. துவாரங்களிலிருந்து காற்று வரவில்லை, குளிர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ரோஜா வாசனையும் வந்தது. மடியில் இருந்த மதி சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் உடம்பு என் மடியிலேயே மெல்ல மெல்ல நிமிர்ந்து நேராவது தெரிந்தது. நான் மடக்கி மடக்கி வைத்தேன். என் கையை மீறிக் கால்கள் நீண்டன. கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்தன.

எதிரே பெரிய கண்ணாடி பனித்தது. எங்களுக்கு நேராக ஒரு கை அளவுக்கு அது துடைக்கப்பட்டது. இந்த முறை கமலக்கண்ணனும் பார்த்தார். பிரேக்கை ஓங்கி மிதித்தார். நான் பிள்ளையோடு ரோட்டில் குதித்தேன். வெயில் பட்டதும் மதி கண்ணைத் திறந்தாள்.

"அந்த அம்மா ரொம்பக் கிட்ட வந்துட்டாங்கம்மா," என்றாள்.

நல்லவேளை, பொன்னுத்துரையின் ஷெட் அந்த ரோட்டில்தான், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் காரில் ஏறவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தேன். இவர் எனக்குப் பின்னால் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியை ஓரம்கட்டி, சாவு ஊர்வலத்துக்கு விடுவது போல வழிவிட்டார்.

ஷெட்டில் பிளாஸ்டிக் சேர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. முற்றத்தில் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மூடிகளைத் திறந்து வெயில் காட்டியிருந்தார்கள். பொன்னுத்துரை பெரிய வயிற்றோடு பனியன் போட்டு உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நுங்கைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன தம்பி, அதுதானா?" என்றார்.

"அதுதான்னா எதுண்ணே?" என்று இவர் கேட்டார்.

"அன்னைக்கு கேஸ வாங்கிட்டுப் போகும்போது நீ என்ன சொன்ன?"

"ஒன்னும் சொல்லலயே. போயிட்டு வாரேண்ணேன்னு சொன்னேன்."

"ஏலே, எழவு வீட்டுல யாராச்சும் சொல்லிட்டுப் போவாங்களா? வந்தோமா, இருந்தோமா, ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சோமான்னு போகணும். இந்த ஷெட்டும் அதே மாதிரிதான். பெட்டி எறக்குற பயலுகளுக்கு மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுப்பேன். நீ அந்தப் பெட்டிக்கு முன்னால நின்னு வாரேன்னு சொல்லுற. எனக்கு அப்பவே பக்குன்னுச்சு. வாய விட்டா நீ சிரிப்பன்னு சும்மா இருந்துட்டேன்."

"அந்தப் பெட்டி எங்க போயிட்டு வந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

அவர் மதியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குஜிலியம்பாறைப் பக்கம் தங்கச்சி. பொம்பளப் பிள்ள. உங்க பாப்பா வயசு இருக்கும். காய்ச்சல். பெட்டிக்கண்ணாடி பனிக்கும்ல, அதப் பிள்ளையோட மூச்சுன்னு நெனச்சுருச்சு அதப் பெத்தவ. 'மூச்சு விடுறா, பெட்டியத் தொறங்க'ன்னு ஒரே கத்து. தொடைக்கும், பாக்கும், திரும்பப் பனிக்கும், தொடைக்கும். நாலு பேரு இழுத்தும் முடியல. பெட்டி அங்கயே புகைஞ்சு போச்சு. நாங்க பேசாம வண்டில ஏத்திட்டு வந்துட்டோம்."

"அவங்க... இருக்காங்களா?"

"உசுரோடதான் இருக்கு. யாரோடயும் பேச்சில்ல. வாசல்ல உக்காந்து, பெட்டி போன ரோட்டயே பாத்துக்கிட்டு இருக்காம். உடம்புதான் அங்க, மனசு பெட்டி பின்னாலயே வந்துருச்சு போல."

பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். பயத்துக்கு நடுவிலும் அந்தத் தாயை நினைத்து எனக்குத் தாங்கவில்லை. நான் மட்டும் என்ன செய்திருப்பேன்? நானும் அப்படித்தான் துடைத்திருப்பேன். அதற்காக என் பிள்ளையைக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆனாலும் தாங்கவில்லை.

"கேஸ எடுத்த எடத்துலயே விட்டுரு தம்பி," என்றார் பொன்னுத்துரை. "காரு இங்கேயே கெடக்கட்டும். நாளைக்கு நானே ஆளு விட்டு அனுப்புறேன். கேஸு போனதும் மூணு பேரும் பேசாம நடையக் கட்டுங்க. திரும்பிப் பாக்கக் கூடாது. எங்கிட்டயும் வாரேன்னு சொல்லக் கூடாது. வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்ன தலைக்கு ஊத்திக்கங்க."

மதியின் காதில் சொன்னேன். "பாப்பா, இங்க இருந்து போகும்போது டாட்டா சொல்லக் கூடாது. யாருக்கும் சொல்லக் கூடாது. வாயே தொறக்கக் கூடாது. சரியா?" அவள் அப்போதே உதடுகளை உள்ளே மடக்கிக்கொண்டாள்.

இவர் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பானெட்டைத் திறந்து, தடித்த குழாயின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஊசியை ஸ்க்ரூ டிரைவரால் அமுக்கினார். சீறிக்கொண்டு வெள்ளையாக வந்தது. அந்த வெட்டவெளியில், அந்த மதிய வெயிலில், எங்கள் கால்வரை குளிர் வந்து தொட்டது. காரின் எல்லாக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் பனித்தன. முதலில் பின்சீட்டு ஜன்னல் துடைக்கப்பட்டது. அப்புறம் பின்கண்ணாடி. அப்புறம் அந்தப் பக்கத்து ஜன்னல், முன் ஜன்னல், பெரிய கண்ணாடி. ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்று, பிறகு அடுத்தது. காரைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே பிள்ளை இருக்கிறாளா என்று அந்தத் தாய் தேடினாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. 'அழாதே தாயி' என்றாவது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சீறல் குறைந்து, நின்றது. கண்ணாடிகள் காய்ந்தன. பொன்னுத்துரை கண்ணால் ஜாடை காட்டினார். நாங்கள் நடந்தோம். இவர் முன்னால், மதியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்னால். யாரும் பேசவில்லை, யாரும் திரும்பவில்லை. ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோ பிடித்தபோதுகூட இவர் விரலை நீட்டித்தான் இடம் சொன்னார்.

வீட்டு வாசல் குழாயடியிலேயே மூவரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். மதி தண்ணீரில் குதித்துக் குதித்து விளையாடினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் எனக்கு வந்துவிட்டது. இவர் என் பக்கத்தில் நின்று, இனிமேல் வீட்டில் பல்பு போனால்கூட ஆளைக் கூப்பிடுகிறேன் என்றார். அழுகையோடு சிரித்துவிட்டேன்.

சாயங்காலம் தயிர்சோறு பிசைந்து மதிக்கு ஊட்டினேன். கன்னம் கதகதவென்று இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காலைச் சுருட்டி, சம்மணம் பாதியும் குந்தல் பாதியுமாகக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க சமத்து. அம்மா சொன்ன மாதிரி டாட்டா சொல்லாம வந்தியே," என்றேன்.

"ஆமா. நான் சொல்லவே இல்ல. வாய இறுக்க மூடிக்கிட்டேன்."

"தெரியும்டா தங்கம்."

"அவங்கதான் சொன்னாங்க."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் தோளில் கிடந்த பிள்ளையின் முகம் வழியெல்லாம் பின்பக்கம் பார்த்துத்தான் இருந்தது.

"அந்த ஷெட்டு கேட்டுக்கிட்ட நின்னு எனக்குக் கையாட்டுனாங்கம்மா. போயிட்டு வாரேன்னு சொன்னாங்க."

கமலக்கண்ணன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். ஒன்றைத் திறந்துவிட்டு அடுத்ததற்குப் போனார். மதி அடுத்த உருண்டைக்காக வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். நான் கொடுக்காமல் இருப்பதைப் பார்த்து என் முழங்கையை ஆட்டினாள்.

"அம்மா, அவங்க எப்ப வருவாங்க?"